செம்பும் சித்திரமும்

சென்னைப் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் இளங்கலைப் பட்டத்துக்கு ஆறு பிரிவுகள் உண்டு. ஓவியம், சிற்பம், பதிப்போவியம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்னும் நான்கும் எந்தக் கலைக் கல்லூரியிலும் எதிர்பார்க்கக் கூடியவை. மற்ற இரண்டின் பெயர்தான் கொஞ்சம் நீளம்: சுடுமண் தொழில் வடிவமைப்பு, துணிநூல் தொழில் வடிவமைப்பு. மாணவர் பேச்சில் இவை வெறும் 'செராமிக்', 'டெக்ஸ்டைல்'. ஒரு பக்கம் மாடலை உட்கார வைத்துப் படம் வரைகிறார்கள். இன்னொரு பக்கம் சூளையும் தறியும். இந்த இரண்டு பிரிவுகளையும் காலத்துக்கேற்பப் பின்னால் சேர்த்திருப்பார்கள் என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்குவதற்காக இந்தப் பள்ளி தொடங்கப்படவே இல்லை. வீட்டில் புழங்கும் பானையையும் செம்பையும் திருத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. சித்திரம் அதற்கு வழியாக இருந்தது.

தொடங்கியவர் கலைஞரும் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹன்டர், 1850-இல் கறுப்பர் நகரத்துப் பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டே தொழிற்பள்ளி ஒன்றையும் அதனோடு சேர்த்தார். அன்றாடம் புழங்கும் பொருள்களின் வடிவழகு, செய்நேர்த்தி ஆகியவற்றில் உள்ளூர் மக்களின் ரசனையை உயர்த்துவது தம் நோக்கம் என்று அவர் எழுதி வைத்தார். மேலே நின்று கீழே பார்க்கும் பார்வை இது. அந்தக் காலத்து நல்லெண்ணம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அரசு பள்ளியை ஏற்றுக்கொண்டு 'தொழிற்கலைப் பள்ளி' என்று பெயர் வைத்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இன்றுள்ள இடத்துக்கு அது குடிபோனதும் அந்தக் காலத்தில்தான். இந்தியாவில் இன்றும் நடந்துவரும் கலைக் கல்வி நிறுவனங்களில் இதுவே மூத்தது. கல்கத்தா 1854-இலும், பம்பாயின் ஜே.ஜே. பள்ளி 1857-இலும், லாகூரின் மேயோ பள்ளி 1875-இலும் வந்தன.

ஹன்டர் ஒரு மருத்துவருக்குரிய பொறுமையோடு மண்ணைச் சோதித்தவர். மாகாணத்தின் களிமண் வகைகள், சாயங்கள், நார்கள், கற்கள் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய பள்ளியில் மட்பாண்டம், ஓடு, மரச்செதுக்குப் படம், கல்லச்சு எல்லாம் நடந்தன. 1850களின் நடுவிலேயே புகைப்படக் கலை பாடமானது. 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானதில் ஹன்டருக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளியின் ஐயாசாமி, தமிழகத்தின் தொடக்கக் காலப் புகைப்படக்காரர்களில் ஒருவராக அறியப்பட்டார். லண்டனில் 1851-இல் நடந்த உலகக் கண்காட்சி இந்தக் கைவினைகளுக்கு ஒரு புதிய சந்தையைக் காட்டியிருந்தது. இந்தியத் துணியும் உலோக வேலையும் அங்கே வியப்போடு பார்க்கப்பட்டன. இயந்திரத்தில் செய்த இங்கிலாந்துப் பொருள்கள் அவற்றுக்குப் பக்கத்தில் சோபிக்கவில்லை என்று அந்நாட்டு விமரிசகர்களே எழுதினார்கள். அதற்குப் பிறகும் இந்தியக் கைவினைஞருக்கு ரசனை கற்பிக்க பள்ளிகள் தொடர்ந்து திறக்கப்பட்டன என்பதுதான் வேடிக்கை.

பாடமுறை லண்டன் சவுத் கென்சிங்டன் முறையைப் பின்பற்றியது. முதலில் கோடு, பிறகு சுண்ணாம்பு வார்ப்புகளைப் பார்த்து வரைதல், பிறகு நிழல், அதன்பின் அலங்கார வடிவம். கம்மாளர் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்து உதவித்தொகை கொடுத்தார்கள். அப்பனின் பட்டறையில் எட்டு வயதிலேயே சுத்தியல் பிடிக்கும் பையனுக்கு, கிரேக்கச் சிலையின் மூக்கை ஆறு மாதம் வரைவதில் என்ன லாபம் என்ற கேள்வி இருக்கத்தான் செய்தது. படித்தவர்கள் பலருக்கும் கிடைத்தது டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ரயில்வே, பொதுப்பணித் துறை, நில அளவைத் துறை எல்லாவற்றுக்கும் கோடு சுத்தமாக இழுக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்ட காலம் அது.

ஹன்டருக்குப் பின் வந்தவர்களில் ராபர்ட் சிஷோம் கட்டடக் கலைஞர்; சேப்பாக்கத்துச் செனட் ஹவுஸ் அவர் கைவண்ணம். 1884-இல் வந்த ஈ.பி. ஹாவெல் மாகாணமெங்கும் சுற்றிக் கைத்தொழில்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். நெசவாளரும் கன்னாரும் கற்றுக்கொள்ள வேண்டியதைவிட அவர்களிடமிருந்து கற்க வேண்டியதே அதிகம் என்ற எண்ணம் அவருக்குப் படிப்படியாக உறைத்தது. அந்த எண்ணம் முழு வடிவம் பெற்றது சென்னையில் இல்லை. 1896-இல் கல்கத்தா கலைப் பள்ளிக்குப் போன ஹாவெல், அங்கிருந்த ஐரோப்பியப் படங்களை விற்றுவிட்டு, அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து இந்திய மரபு ஓவியத்துக்கு வழி திறந்தார். வங்கத்தில் விதைத்தது முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துச் சென்னைக்கே திரும்பி வந்தது. அதற்கு முன் இங்கே வேறு ஒரு கதை நடந்தது. இந்தக் கல்லூரியின் வரலாற்றில் தமிழ்நாட்டு வீடுகளை நேரடியாகத் தொட்ட முதல் கதை அதுதான்.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறியியல் பேராசிரியர். 1888-இல் சென்னைக்கு வந்து பொறியியல் கல்லூரியில் கற்பித்தவர். அவருடைய பொறுப்பில் கலைப் பள்ளி வந்தபோது, 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். மின்பகுப்பு முறையில் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐரோப்பாவிலேயே புதுமையாக இருந்த உலோகம். தகடு முழுவதும் கப்பலில்தான் வந்தது. சாட்டர்டன் கணக்கு எளிமையானது. செம்பும் பித்தளையும் விலை கூடியவை, கனமானவை, உள்ளே ஈயம் பூசாமல் சமைக்க முடியாது, பூச்சுத் தேய்ந்தால் களிம்பு ஏறும். அலுமினியம் இலேசானது, ஈயம் பூச வேண்டாம், பித்தளையைத் தட்டிப் பழகிய கன்னார் கைக்கே அதுவும் அடங்கும்.

அவர் செய்த நல்ல காரியம், புதிய உலோகத்துக்குப் புதிய வடிவம் தேடிப் போகாததுதான். செம்பு, குண்டான், தூக்கு, தவலை என்று மக்களுக்குப் பழகிய வடிவங்களிலேயே அலுமினியம் வந்தது. இன்று கொங்குப் பக்கத்தில் 'போசி' என்று சொன்னால் பல வீடுகளில் கண்முன் வருவது அலுமினியப் போசிதான். அதன் கழுத்தும் விளிம்பும் பித்தளைக் காலத்தவை. புளியும் உப்பும் பட்டால் அலுமினியத்தை அரிக்கும் என்ற குறையும் சமையலறைக்குத் தெரிந்ததே. புளிக்குழம்பை மண்சட்டியில் வைத்துவிட்டு, சோறு வடிக்க மட்டும் அலுமினியத்தை எடுக்கிற வழக்கம் அதனால் வந்தது. உலோகத்தை அறிஞர் தீர்மானிக்க, பயன்பாட்டை அடுப்படி தீர்மானித்தது.

பட்டறை வளர்ந்துகொண்டே போனது. ஒரு கலைப் பள்ளிக்குள் இத்தனை பெரிய உற்பத்தி இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1903-இல் அலுமினியப் பிரிவை இந்தியன் அலுமினியம் கம்பெனி வாங்கிக்கொண்டது. தொழில் நிலைத்துவிட்டால் அதைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு அரசு அடுத்த முயற்சிக்குப் போக வேண்டும் என்பது சாட்டர்டனின் கொள்கை. அடுத்து அவர் குரோம் முறையில் தோல் பதனிடுவதை எடுத்துக்கொண்டார். அதற்கும் பள்ளி வளாகமே இடம் கொடுத்தது. கவலையில் தண்ணீர் இறைக்கும் தோல் பறி ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைவிட குரோம் தோலில் அதிக நாள் தாங்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஓவியப் பள்ளியில் படித்த மாணவர்களுக்குத் தோல் நாற்றமும் உலோகச் சத்தமும் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மூன்றாவது முயற்சி சேலத்தில். 1906-இல் அரசு கைத்தறி நெசவுச் சாலை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து நெய்பவர்களை ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்து, விசை நாடாவைப் பழக்கி, கூலிக்கு நெய்ய வைப்பது திட்டம். நெசவாளர் ஒழுங்காக வரவில்லை. மணி அடித்ததும் வந்து மணி அடித்ததும் போகும் வேலை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. சொந்த வீட்டுத் திண்ணைத் தறிக்குச் சொந்தக்காரனாக இருப்பதை விட்டுவிட்டுக் கூலியாளாக மாறுவதற்கு ஆசை காட்டும் அளவுக்குக் கூலியும் இல்லை. அரசு தொழிற்சாலை நடத்துவதை வெள்ளை வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910-இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி அனுப்பிய கடிதம், அரசே தொழில் நடத்திக் காட்டும் கொள்கைக்குத் தடை போட்டது. சாட்டர்டன் 1912-இல் மைசூருக்குப் போனார். கலைப் பள்ளியில் தொழிற்சாலை நடத்தும் காலம் அத்தோடு முடிந்தது.

சேலம் நெசவுச் சாலை தோற்றதற்கும் அலுமினியம் வென்றதற்கும் நடுவில் ஒரு பாடம் இருக்கிறது. பாத்திரத்தில் மாறியது உலோகம் மட்டும். புழங்குகிறவர் வாழ்க்கை மாறவில்லை. நெசவில் விசை நாடாவை நெசவாளர் பின்னாளில் தாமாகவே ஏற்றுக்கொண்டார்கள்; ஏற்காதது கொட்டகையைத்தான். பொருளை வடிவமைப்பதும் உழைப்பை வடிவமைப்பதும் ஒன்றல்ல என்பது அன்று யாருக்கும் பாடமாகச் சொல்லித்தரப்படவில்லை.

அலுமினியக் கதைக்குப் பின்னிணைப்பாகக் கொல்லிமலை வருகிறது. இந்தியாவில் அலுமினியத்தை உருக்கி எடுக்கும் வேலை 1943-இல் கேரளத்து ஆலுவா அருகே தொடங்கியது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு வேண்டிய பாக்சைட் தாது ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டது. கலைப் பள்ளியின் முதல் செம்புக்கு ஐரோப்பாவிலிருந்து தகடு வந்தது. அறுபது எழுபது ஆண்டு கழித்து, அதே உலோகத்தின் செம்மண் சேலம் மாவட்டத்து மலை உச்சியிலிருந்து லாரியில் இறங்கியது. மலை மக்களுக்கு அதனால் மிஞ்சியது வெட்டிய குழிகளும் கொஞ்சக் காலக் கூலியும். வெட்டு பின்னர் நின்றுபோனது.

பள்ளிக்கு 1907-இல் பொறுப்பேற்ற டபிள்யூ.எஸ். ஹாடவே இருபது ஆண்டு இருந்தார். உலோக நகை வேலை தெரிந்தவர். மாகாணத்தின் துணி ஓவியத்தையும் அச்சையும் பற்றி அவர் 1917-இல் வெளியிட்ட நூல் இன்றும் கலம்காரி ஆய்வாளர்கள் புரட்டுவது. அவர் காலத்தில் பள்ளி ஒரு தரமான கைவினைக் கூடமாக இருந்தது. ஓவியன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள விரும்பிய இளைஞனுக்கு அங்கே இடம் குறைவு.

அந்த இடத்தை உண்டாக்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-இல் பொறுப்புக்கு வந்தார். பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். வங்காளி, அவனீந்திரநாத்தின் மாணவர். அப்படியிருந்தும் அவர் நெஞ்சில் இருந்தது பிரெஞ்சுச் சிற்பி ரோடின். ஹாவெலின் விதை இப்படித்தான் சென்னைக்குத் திரும்பியது. போன உருவத்தில் வரவில்லை. மாடலை உட்கார வைத்து வரைவது, தெருவுக்குப் போய் நிலக்காட்சி வரைவது, ஆள் உயரச் சிற்பத்தைக் களிமண்ணில் கட்டி எழுப்புவது எல்லாம் அவர் காலத்தில் வழக்கமாயின. மெரினா கடற்கரையில் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர் சிலை அவர் படைப்பு. 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலைக்குப் பள்ளியின் காவலாளியும் மாடலாக நின்றார். தொழிலைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பள்ளி, நூறாண்டு கழித்துத் தொழிலாளியைச் சிலையாக்கியது. அதே கடற்கரையில் நடக்கும் காந்தியையும் அவரே வடித்தார். 1954-இல் லலித் கலா அகாதெமி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

ராய் சௌத்ரியிடம் படித்தவர்களில் ஒருவர் கொல்லிமலை அடிவாரத்து நாமக்கல்லிலிருந்து வந்தார். 1919-இல் பிறந்த பி.எம். சீனிவாசன் என்ற அந்த இளைஞரின் கையைப் பார்த்து, சென்னைக்குப் போய்ப் படி என்று தூண்டியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. கவிஞர் என்று பெயர் வாங்குவதற்கு முன் அவரே நல்ல உருவப்பட ஓவியர் என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. சென்னைப் பள்ளியில் படித்து முடித்த சீனிவாசனுக்கு ஆனந்த விகடனில் ஓவியர் மாலி வைத்த பெயர் சில்பி. கோயில் கோயிலாகப் போய், கருவறைக்கு முன் உட்கார்ந்து, பேனாவும் மையும் கொண்டு அவர் வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' விகடனில் தொடராக வந்தது. கல்லில் உளி போட்ட ஆழத்தைக் குறுக்குக் கோடுகளால் காகிதத்தில் கொண்டுவந்த கை அது. கலைப் பள்ளிப் படிப்பு ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைந்த வழிகளில் அலுமினியச் செம்புக்கு அடுத்தது வாராந்தரி என்று சொல்லிவிடலாம். எஸ். ராஜம், மணியம் செல்வன், ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது ஆகியோரும் அங்கே படித்தவர்களே. சூலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறு ஆண்டு ஓவியம் படித்து, பிறகு நடிகரான சிவகுமாரை எல்லோருக்கும் தெரியும். தோட்டா தரணியும் சாபு சிரிலும் அங்கே கற்றதைக் கொண்டு சினிமாவுக்கு ஊர்களையே கட்டினார்கள்.

1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவர் கேள்வி வேறு: மேற்கத்திய ஓவியனும் இல்லை, அஜந்தாவைப் பார்த்து எழுதுகிறவனும் இல்லை என்றால் இந்த ஊர்க் கலைஞன் யார்? விடையின் ஒரு பகுதியைப் பள்ளியின் கைவினைப் பிரிவுகளிலேயே மாணவர்கள் கண்டார்கள். பக்கத்துப் பட்டறையில் உலோகத் தகடு தட்டும் சத்தம் கேட்டே வளர்ந்தவர்களுக்குச் சிற்பம் என்றால் சலவைக்கல் என்று தோன்றவில்லை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி முகப்பு மட்டும் உள்ள சிற்பங்கள் செய்தார்; எஸ். நந்தகோபால் தகட்டையும் கம்பியையும் பற்றவைத்தார். எஸ். தனபால் வெண்கலத்திலும் சுடுமண்ணிலும் வேலை செய்ததோடு ஒரு தலைமுறையையே வளர்த்தார். பணிக்கரே 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறிகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் ஓவியமாயின. இந்தியாவின் வேறு பல கலைப் பள்ளிகளில் கைவினையைக் கீழ்ப்படியாக நினைத்து ஒதுக்கிய காலத்தில், சென்னையில் அது ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஊட்டமாக இருந்தது. பிற்பாடு 'சென்னைக் கலை இயக்கம்' என்று பெயர் பெற்றதன் தனிமுகம் இங்கிருந்து வந்தது என்றால் மிகையில்லை.

ஓவியம் விற்காது என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1963-இல் கலைஞர் கைவினைச் சங்கம் அமைத்து, மாலை நேரங்களில் மெழுகு உருக்கிப் பட்டிக் துணி செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் குடியேறினார்கள். ஹன்டரின் தொழிற்பள்ளிக் கனவு, அவர் நினைத்துப் பார்த்திராத முறையில் இங்கே பலித்தது: கைத்தொழில் ஓவியத்துக்குச் சோறு போட்டது. வேறு சிலருக்குச் சோறு போட்டது நெசவாளர் சேவை மையம். 1950களின் பிற்பகுதியில் கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் தர மத்திய அரசு ஆரம்பித்த இந்த மையங்களின் சென்னைக் கிளையில் ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம், வீர சந்தானம் போன்றோர் வேலை பார்த்தார்கள். பகலில் சேலைக் கரைக்குக் கட்டம் போட்டு, இரவில் கான்வாஸ் முன் நின்ற வாழ்க்கை அது. காந்தி நூற்றாண்டுக்காக ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களைப் போற்றும் அளவுக்கு அவர்களுடைய துணி வடிவங்களை யாரும் பேசுவதில்லை. சேலைக்குக் கீழே ஓவியன் கையெழுத்து போடுவதில்லை அல்லவா.

தொழில் வடிவமைப்பு என்ற சொல் இன்றைய பொருளில் இந்தியாவுக்கு வந்தது இதே காலத்தில்தான். வந்த இடம் சென்னை இல்லை. இந்திய அரசின் அழைப்பில் வந்து நாடு சுற்றிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958 ஏப்ரலில் அறிக்கை ஒன்று கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் போற்றியது செம்பை. எத்தனை தண்ணீர் கொள்ள வேண்டும், கை எப்படிப் பிடிக்கும், இடுப்பில் எப்படி அமரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், கழுவ எவ்வளவு எளிது, விலை என்ன என்று அடுக்கிக்கொண்டே போய், இதை எந்தத் தனி மனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் வடிவமைத்தன என்று முடித்தார்கள். உள்ளூர் மக்களின் செம்பைத் திருத்த வந்த ஹன்டருக்கும், அதே செம்பைக் கண்டு கைகட்டி நின்ற ஈம்ஸ் தம்பதிக்கும் இடையே 108 ஆண்டு. இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றை இந்த இரண்டு பார்வைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்துவிடலாம்.

அறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. கௌதம் சாராபாய், கிரா சாராபாய் இருவரும் அதற்குத் துணை நின்றார்கள்; ஆலை முதலாளிகள் நிறைந்த ஊர் அதைத் தாங்கிப் பிடித்தது. 1969-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. ஜெர்மனியின் உல்ம் நகர வடிவமைப்புப் பள்ளியின் பாடமுறை இரண்டு இடங்களிலும் செல்வாக்குப் பெற்றது. ஓவியத்திலிருந்து விலகி, பொறியியலோடும் அளவோடும் பயன்படுத்துகிறவர் தேவையோடும் உறவு கொண்ட முறை அது. இப்படித் தொழில் வடிவமைப்பு தனிப் பாதையில் போக, சென்னைப் பள்ளி 1962-இல் 'கலை, கைவினைப் பள்ளி' என்று பெயர் மாறி, பின்னர் கல்லூரியாகி, டிப்ளமோவை விட்டுப் பட்டம் தந்தது. கடைசியில் 2013-இல் உருவான இசை, கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. தொழில் வடிவமைப்பு என்ற பெயரில் சுடுமண்ணும் துணியும் தங்கின. அலுமினியம் கலைப் பள்ளிக்குத் திரும்பவில்லை. நாட்டிலேயே முதன்முதலாக ஒரு புதிய உலோகத்துக்குப் புழங்குபொருள் வடிவம் கொடுத்துப் பார்த்த இடத்தில், இன்று பொருள் வடிவமைப்புக்குத் தனிப் பட்டம் இல்லாதது குறைதான்.

அந்தப் பட்டத்துக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள், அவர்கள் எதை வடிவமைப்பார்கள் என்ற கேள்விக்கு, பாக்சைட் வெட்டிய அதே கொல்லிமலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். கொல்லிமலையின் ஊர்கள் 14 நாடுகளாகப் பிரிந்தவை. திண்ணனூர் நாடு அவற்றில் ஒன்று. மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. மேலே போகும் பாதையில் 70 கொண்டைஊசி வளைவு. சங்கப் புலவர்கள் இந்த மலையோடு கொல்லிப்பாவையையும் பாடினார்கள். காற்றுக்கும் மழைக்கும் கலையாத பேரழகுப் பெண் உருவம்; தெய்வம் செய்து வைத்தது என்று நம்பிக்கை. மலையின் பெயராலேயே அறியப்பட்ட வேறொரு சிற்பத்தைத் தமிழில் அதற்கு முன் சொல்வது கடினம். செய்தவன் பெயர் தெரியாத அந்தச் சிற்பத்தைப் போலவே, செய்தவர் பெயர் தெரியாத வடிவங்கள் மலையில் நிறைய: தானியம் கொட்டி வைக்கும் குதிர், மூங்கில் கூடை, உரல், உலக்கை.

உலக்கையை எடுத்துக்கொள்ளலாம். மலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பரவியதற்குச் சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளின் தேவை ஒரு காரணம். இன்னொரு காரணம் உலக்கை. சாமைத் தோல் எளிதில் கழலாது. ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் நெடுநேரம் குத்திப் புடைக்க வேண்டும். ரேஷன் அரிசி அந்த வேலையை இல்லாமல் ஆக்கியது. கூடவே சாமையையும் இல்லாமல் ஆக்கப் பார்த்தது. மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்கப் பணியாற்றியபோது, ஊர்களில் தோல் நீக்கும் சிறு அரவை இயந்திரங்களை வைக்க வேண்டியிருந்தது. மணி சிறியது, அழுத்தம் கூடினால் நொய்யாகும், குறைந்தால் தோல் நிற்கும். பழுது பார்க்க ஆள் மலையடிவாரத்திலிருந்து வர வேண்டும். செம்பைப் பற்றி ஈம்ஸ் தம்பதி கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் இந்த இயந்திரத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். தொழில் வடிவமைப்புப் படிப்பு என்பது ஆடம்பரக் காருக்கு முகப்பு வரைவது என்று நினைப்பவர்களுக்கு, சாமை மில்லின் பக்கத்தில் ஒரு நாள் நிற்பது நல்ல பாடம்.

மலையிலிருந்து கலைக் கல்லூரிக்குப் போகும் வழி இன்றும் பழைய தடத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருந்தால் அவர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வை எழுதச் சொல்வார்: ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், முதலில் லோயர், பிறகு ஹையர். அந்தச் சான்றிதழ்களைக் கொண்டு ஓவிய ஆசிரியராகப் போனவர்கள் தமிழ்நாட்டில் பல்லாயிரம். பட்டம் படிக்க விரும்பினால் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இரண்டு. மலைக்குக் கிட்ட இருப்பது கும்பகோணம், தூரத்தில் இருப்பது சென்னை. இரண்டிலும் பிளஸ் டூவுக்குப் பின் நான்கு ஆண்டு. சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டும். சுடுமண்ணிலோ துணியிலோ தொழில் வடிவமைப்பு வேண்டுமென்றால் பெரியமேட்டுக்குத்தான் போக வேண்டும்.

பாத்திரமோ இயந்திரமோ வடிவமைக்க வேண்டும் என்றால் வழி மாறிவிடுகிறது. சென்னையை அடுத்த காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நிறுவனம் 2007 முதல் வடிவமைப்பையும் உற்பத்தியையும் சேர்த்துக் கற்பிக்கிறது. ஐ.ஐ.டி.களில் இளநிலை வடிவமைப்புப் பட்டத்துக்கு 2015 முதல் யூசீட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு நடக்கிறது. கணினித் திரையில் வரும் வினாக்களோடு, காகிதத்தில் வரைய வேண்டிய பகுதியும் அதில் உண்டு. ஓவிய லோயர், ஹையர் தேர்வை மலை மாணவர் தமிழிலேயே எழுதலாம். யூசீட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது.